யாரும் கேட்காத போனஸ்

தெரியாத விஷயம் என்றால் சிலர் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. தெரிந்த விஷயத்தைப் பேசும்போதாவது நடுவில் கொஞ்சம் யோசிப்பேன். தெரியாத விஷயம் என்றால் தங்குதடை இல்லாமல் வரும். (என் மனைவி ரோஸ்லின் இதற்கு வேறு ஒரு வார்த்தை சொல்வாள். அது இங்கே வேண்டாம்.) கார் இன்சூரன்ஸ் எனக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயம். ஆகவே அதைப் பற்றி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில், பெஞ்சு மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ஃபிட்டர். அதைவிட முக்கியமாக, தொழிற்சங்கத்தின் இணைச் செயலாளர். (யாரையாவது புதிதாகச் சந்தித்தால் இரண்டாவதை முதலில் சொல்வேன்.) எங்கள் பக்கத்தில் 'போனஸ்' என்ற சொல்லுக்கு அப்போது இருந்த மரியாதையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கவே முடியாது. ஆயுத பூஜை பொரி நமுத்துப் போவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். எத்தனை சதவீதம், என்றைக்குக் கையில் வரும். ஆவடியில் டாங்கி செய்கிறவர்களுக்கு எவ்வளவு, எஸ்டேட்டில் நமக்கு எவ்வளவு. ரயிலில் அதே பேச்சு, சலூனில் அதே பேச்சு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலும் அதே பேச்சு. அந்தப் போனஸ் தானாக வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கேட்டில் நின்று கேட்டு வாங்கினால்தான் உண்டு.

இதில் இன்னொரு சமாச்சாரமும் இருந்தது. எங்கள் கம்பெனி அறிவிப்புப் பலகையில் வருஷா வருஷம் ஒரு தாள் ஒட்டுவார்கள். வேலையை விட்டுப் போனவர்கள், ஊரை விட்டே போனவர்கள் பெயரில் யாரும் வந்து கேட்காமல் கிடக்கும் போனஸைப் பற்றிய அறிவிப்பு அது. தலைப்பில் 'அன்கிளெய்ம்டு போனஸ்' என்று போட்டிருக்கும். ஒருமுறை அப்படிக் கிடந்ததை, குத்தம்பாக்கத்தில் இருந்த ஒரு பழைய வாட்ச்மேனின் வீட்டம்மாவுக்கு அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து கேட்பாரற்ற போனஸ் விஷயத்தில் தமிழ்நாட்டிலேயே நான்தான் நிபுணன் என்ற எண்ணம் வந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் வந்தது.

இந்த நேரத்தில்தான் கார் வாங்கினேன். ஆவடி விமானப்படைக் குடியிருப்பில் மாற்றல் சீசன் வந்தால் கட்டில், ஃபிரிட்ஜ், நாய்க்குட்டி எல்லாம் மலிவாகக் கிடைக்கும். எனக்கு ஒரு வெள்ளை அம்பாசிடர் கிடைத்தது. ரோஸ்லின் டீச்சர் வேலை பார்த்தாள். இருவர் சம்பளம், இருவர் லோன், என் சைக்கிளை விற்ற காசு என்று எல்லாவற்றையும் வழித்து எடுத்து வாங்கினோம். விற்றவர் ஒரு விமானப்படை அதிகாரி, வடநாட்டுக்காரர். தன் துப்பாக்கியைத் துடைப்பது போல அந்தக் காரைத் துடைத்து வைத்திருந்தார். ஆவடியில் பல வருஷம் இருந்ததால் தமிழ் ஓரளவு பேசுவார்.

"கார் ரொம்ப நல்லா இருக்கு தேவராஜ். ஒரு ஆக்ஸிடென்ட் இல்லை. ஒரு கீறல் இல்லை. நோ கிளெய்ம் போனஸ் ஃபுல்லா இருக்கு" என்றார்.

போனஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"நீங்க அதை வாங்கிக்கலையா சார்?"

அவர் சிரித்தார். "இல்லை, இல்லை. அப்படியே இருக்கு. நீ உன் பேர்ல புது இன்சூரன்ஸ் எடுக்கணும். மறந்துடாதே."

நான் மறக்கவில்லை. வீடு வரும் வழியெல்லாம் அதுதான் மண்டையில் ஓடியது. நோ என்றால் இல்லை. கிளெய்ம் என்றால் கோருவது. ஆக, யாரும் கோராத போனஸ். நம்ம பலகையில் ஒட்டுவார்களே, அதே சரக்கு. இந்தப் பெரிய மனுஷர் இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டிருக்கிறார். இன்சூரன்ஸ்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காரோடு ஸ்டெப்னி வருவது போல இனி அது எனக்கு. மனப்பாடம் செய்த ஜெபம் போல அவ்வளவு தெளிவாக இருந்தது.

ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும் விவரம் தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுட்டு வெளியில பேசுங்க" என்றாள்.

"விவரம் தெரிஞ்சவன்கிட்டதான் நீ பேசிட்டிருக்க" என்றேன்.

அவள் கையிலிருந்த விடைத்தாளில் எதையோ சிவப்பு மையால் அடித்தாள். அந்தப் பிள்ளைக்காக எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் டீ நேரத்தில் கேன்டீனில் ஆரம்பித்தேன். முதலில் காதுகொடுத்தவர் முனுசாமி. அயனம்பாக்கத்துக்காரர், கடைசல் மெஷினில் வேலை. அவருடைய அப்பா காலம் வரை ஏரிப் பாசன நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். அதில் மொபெட் வாங்கிய முதல் ஆள் இவர்தான். அந்த மொபெட்டைத் தினமும் துடைத்துப் பொட்டு வைத்துத்தான் எடுப்பார்.

"அண்ணாத்தே, மொபெட்டுக்கும் அது உண்டா?" என்றார்.

"இன்சூரன்ஸ் கட்டறியா?"

"வண்டி வாங்கினதுலேர்ந்து கட்டிகினுதான் கீறேன்."

"அவங்ககிட்டேர்ந்து இதுவரைக்கும் ஏதாவது வாங்கியிருக்கியா?"

"ஒரு காலண்டர்கூட வாங்கினதில்லபா."

"அப்ப அத்தனை வருஷத்துப் போனஸும் அங்கே தூங்குது முனுசாமி."

அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள், மொபெட் வைத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த இணைச் செயலாளர் பெஞ்சு மேல் ஏறினார். முதலாளித்துவம் எப்படி உழைப்பவனின் போனஸைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறது என்பதில் ஆரம்பித்து, "யாரும் கேட்காத போனஸை நாம கேட்போம். நான் வாங்கித் தரேன், இது என் வார்த்தை" என்று முடித்தேன். கைதட்டல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தட்டாத ஒரே கை கஜேந்திரனுடையது. சங்கத் தேர்தல் பக்கத்தில் இருந்தது. இணைச் செயலாளர் பதவிக்கு என்னை எதிர்த்து நிற்கப்போகிற ஆள் அவர்.

"வாங்கிக் குடுத்துட்டா நான் நிக்கவே மாட்டேன் மாமே" என்றார். "இல்லாங்காட்டி?"

"இல்லாங்காட்டி நான் நிக்க மாட்டேன்."

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வாய் என்னுடையது, அது சொல்லிவிட்டது. அப்போது எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்: தேவராஜ் சொன்னால் நடக்கும் என்று அந்த ஆட்கள் வைத்திருந்த நம்பிக்கை. அதை எடுத்துவிட்டால் நான் வெறும் ஃபிட்டர். அதுவும் சுமாரான ஃபிட்டர்.

அந்த வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேர் அரை நாள் லீவு எழுதிக்கொடுத்தோம். ஒரே பிரிவிலிருந்து பதினெட்டு அரை நாள் லீவு. புரொடக்‌ஷன் மேனேஜர் கேட் வரைக்கும் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தேவராஜ், என்ன கோரிக்கைன்னு சொல்லுங்க, உட்கார்ந்து பேசலாம்" என்றார்.

"உங்ககிட்ட இல்ல சார்" என்றேன். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் என் அம்பாசிடர். அதிகாரியின் பழைய பாலிசி காலாவதியாக இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. பின்னால் ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும். நான் அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். மூன்றாவது கியர் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. லெவல் கிராஸிங்கில் நின்ற வண்டி மறுபடி கிளம்பவில்லை. தண்டவாளத்துக்கு நடுவில் அல்ல, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், சற்று முன்னால்தான். தொழிலாளர் ஒற்றுமை என்றால் என்ன என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அத்தனை பேரும் இறங்கி வந்து தள்ளினார்கள். கஜேந்திரன்கூடத் தள்ளினார். நான் தோற்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் நான் முதலில் போய்ச் சேர வேண்டுமே.

இன்சூரன்ஸ் ஆபீஸ் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். வருஷத்துக்கு ஒருமுறை வந்து கவுன்ட்டரில் பணம் கட்டி, ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போவார்கள். இந்த முறை கோஷத்தோடு ஏறினோம். கோஷம் முனுசாமி கட்டியது.

"வெளியே எடு, வெளியே எடு, தூங்குற போனஸை வெளியே எடு."

பாத்திரக் கடைக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, வெளியே தொங்கிய எவர்சில்வர் குடங்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க ஆரம்பித்தார்.

மேலே மேனேஜர் ஒரு பெண்மணி. வசுந்தரா மேடம் என்று பலகை சொன்னது. சாப்பாட்டு நேரம். தயிர்சாதத்தில் கையை வைத்தவர், வாசலை அடைத்து நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, பதற்றமே இல்லாமல் டப்பாவை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்."

"நோ கிளெய்ம் போனஸை கிளெய்ம் பண்ண வந்திருக்கோம்" என்றேன்.

அவர் எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

"கிளெய்ம் பண்ணினா அது நோ கிளெய்ம் ஆகாதே சார்."

"மேடம், இந்த மாதிரி வார்த்தை ஜாலத்தை நாங்க நிறைய பாத்தாச்சு" என்றேன். படிக்கட்டிலிருந்து முனுசாமி "அப்டிக் கேளு அண்ணாத்தே" என்றார். அந்த ஒரு வரியில் நான் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தேன். அதுவரை அத்தனையும் என் பொற்காலம்.

மேடம் நிதானமாக விளக்கினார். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார் என்று குறை சொல்லமாட்டேன். என் தகுதிக்கு அதுவே கொஞ்சம் கூடுதல்தான்.

"இது தீபாவளி போனஸ் இல்ல சார். கையில காசா வராது. வண்டி எங்கேயாவது மோதி, ரிப்பேர் செலவை எங்ககிட்ட கேக்கறாங்க இல்லையா, அதுதான் கிளெய்ம். வருஷம் முழுக்க அப்படி எதுவும் கேக்காம இருந்தா, நல்லா ஓட்டினதுக்குப் பரிசா அடுத்த வருஷம் கட்டற பணத்துல ஒரு பங்கைக் குறைப்போம். தொடர்ந்து சில வருஷம் கேக்காம இருந்தா அந்தப் பங்கும் ஏறும். அதுக்குப் பேருதான் நோ கிளெய்ம் போனஸ்."

"சரி. அப்ப என் காருக்கு எவ்வளவு குறையும்?"

"உங்களுக்கு இது எத்தனாவது பாலிசி?"

"முதல் பாலிசி."

"அப்ப ஒண்ணும் குறையாது."

"இதுக்கு முன்னாடி வச்சிருந்த ஏர்ஃபோர்ஸ் அதிகாரி ஃபுல் போனஸ் வச்சிருந்தாரே மேடம்?"

"அது அவருக்கு சார், காருக்கு இல்ல. அவர் அடுத்த கார் வாங்கினா அதுக்குக் கொண்டுபோவாரு. பக்கத்து மெஷின்காரர் ஓவர்டைம் பாத்தா உங்களுக்கா சம்பளம் போடுவாங்க?"

தொழிற்சங்கக்காரனிடம் ஓவர்டைம் உதாரணம் சொன்னால் அவன் என்ன பதில் சொல்வான்?  திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தால் படிக்கட்டு முழுக்க எங்கள் ஆட்கள்.  

"இன்னா அண்ணாத்தே, போனஸ் இல்லியா?" என்றார் முனுசாமி. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"அரை நாள் சம்பளம் காலி" என்றார் பின்னால் ஒருவர்.

"நான் அப்பவே நெனச்சேன் மாமே" என்றார் கஜேந்திரன். அவர் குரலில் அத்தனை இனிப்பு.

மானம் போவது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வார்த்தை கொடுத்தாயிற்று, வார்த்தை பொய்யாகிவிட்டது, நாளை கேட்டில் நின்று எந்த முகத்தோடு வாயைத் திறப்பேன்? அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஆனால் சங்க வேலையில் ஊறிப்போன ஒரு கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பேச்சுவார்த்தையில் தோற்றுவிட்டது தெரிந்தாலும் எழுந்து போகமாட்டேன். சும்மாவாவது இன்னொரு கேள்வி கேட்பேன். யோசித்துக் கேட்டது அல்ல. எழுந்தால் படிக்கட்டு வழியாகப் போக வேண்டுமே என்ற பயத்தில் கேட்டது.

"சரி மேடம், என்னை விடுங்க. முனுசாமி இருக்காரே. அவரு மொபெட்டு இதுவரைக்கும் ஒரு கோழியைக்கூட இடிச்சதில்ல. உங்ககிட்ட ஒரு பைசா கேட்டதில்ல. அவருக்கு எவ்வளவு குறைச்சீங்க?"

மேடம் முனுசாமியிடம் ரசீதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"குறைக்கலையே" என்றார்.

"ஏன் குறைக்கல?"

"அவரு கேக்கல சார்."

"கேக்கலன்னா?"

"இவங்க வருவாங்க, கவுன்ட்டர்ல பணத்தைக் கட்டுவாங்க, போயிடுவாங்க. போன வருஷம் எந்தக் கிளெய்மும் இல்ல, போனஸ் போட்டுக் கட்டணத்தைக் குறைச்சுக் கொடுங்கன்னு எழுதிக் கேட்டா குறைப்போம். இவரு கேக்கல." பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரல் சற்று இறங்கி, "யாருமே கேக்கல" என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ 'டிக்'கென்று சேர்ந்தது. அவசரப்படக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன்.

"அதாவது மேடம், போனஸ் இருக்கு."

"இருக்கு."

"ஆனா யாரும் கேக்கல."

"கேக்கல."

"அதனால கிடக்குது."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"யாரும் கேக்காத போனஸ். அதைத்தான் மேடம் நான் வந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றேன்.

படிக்கட்டில் எழுந்த ஆரவாரத்தில் கீழே பாத்திரக் கடையின் மீதி ஷட்டரும் இறங்கியது.

வசுந்தரா மேடத்தை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். வேறு ஒருவராக இருந்தால் எங்களை விரட்டியிருக்கலாம், சென்னை ஹெட் ஆபீஸுக்கு எழுதிப் போடுங்கள் என்று கழற்றிவிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முடிந்துபோன வருஷங்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று பட்டென்று சொன்னார். ஆனால் இத்தனை வருஷம் ஒழுங்காக ஓட்டியதால் சேர்ந்திருக்கிற சலுகையை, இந்த வருஷப் புதுப்பிப்பிலிருந்து ஒவ்வொருவருக்கும் போட்டுத் தருவதாகச் சொன்னார். அலமாரியிலிருந்து ஒரு கட்டு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

ஐந்தே நிமிஷத்தில் அந்த ஆபீஸ் பரீட்சை ஹால் ஆகிவிட்டது. சுவரில், ஜன்னல் விளிம்பில், அடுத்தவர் முதுகில் தாளை வைத்து எழுதினார்கள். நான் நடுவில் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். (ரோஸ்லின் டீச்சராக இருப்பதில் இருக்கும் சுகம் எனக்கு அன்றுதான் புரிந்தது.)

"அண்ணாத்தே, 'இடிக்கவில்லை'ன்னு எழுதறதா, 'மோதவில்லை'ன்னு எழுதறதா?" என்றார் முனுசாமி.

"இழப்பீடு கேட்கவில்லைன்னு எழுதுங்க, போதும்" என்றார் மேடம்.

ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு 'இனி என் உயிர் உள்ளவரை யாரையும் இடிக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மேடம் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எல்லாருக்கும் கிடைத்தது, இரண்டு பேரைத் தவிர. கஜேந்திரன் அந்த வருஷம்தான் திருவேற்காடு ரோட்டில் எருமை மேல் மோதி, ஸ்கூட்டர் ஹெட்லைட்டுக்குப் பணம் வாங்கியிருந்தார். மேடம் அதை எல்லார் முன்னாலும் ஞாபகப்படுத்தினார். எருமை விஷயம் எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. ஜன்னல் ஓரமாக, எழுத ஒன்றுமில்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாமே, கடைசில நாம ரெண்டு பேரும் ஒரே கட்சியாய்ட்டோமே" என்றார்.

"எருமைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"அது திரும்பிக்கூடப் பாக்கல" என்றார். சொன்னபடி தேர்தலில் அவர் நிற்கவில்லை. மனிதர் வார்த்தை தவறாதவர், அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்க பாலிசி?"

அதை நான் மறந்தே போயிருந்தேன். போராட்டத் தலைவர், ஊர்வலத்தின் முதல் வண்டி, எதிர்ப்பேச்சில் வென்றவர், முழுக் கட்டணத்தையும் ஒரு பைசா குறையாமல் எண்ணிக் கொடுத்து முதல் பாலிசியை வாங்கினார். பின்னால் நின்ற பதினேழு பேரும் கைதட்டினார்கள். கேஷியர் நிமிர்ந்து பார்த்தார். முழுப் பணம் கட்டியதற்காகக் கைதட்டல் வாங்கிய ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். நான் தலை குனிந்து கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கால் தரையில் பாவவில்லை. என் வார்த்தை நின்றுவிட்டது. தப்பாகப் புரிந்துகொண்டு, தப்பான இடத்தில் கத்தி, தப்பான விஷயத்துக்குச் சண்டை போட்டும் நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். ரோஸ்லின் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"எல்லாருக்கும் குறைஞ்சுதா?"

"எல்லாருக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்கு எப்படி? எனக்கு இது முதல் பாலிசியாச்சே."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இரவுச் சாப்பாடு வரை விட்டு விட்டு வந்தது.

அடுத்த வருஷம் முழுக்க என் முதல் போனஸுக்காக நான் ஓட்டிய ஓட்டு தனி வரலாறு. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு நான் போய்ச் சேருவதற்குள் பஸ் போய்விட்டுத் திரும்பி வரும். ஒருமுறை ரோஸ்லின் நடுவழியில் இறங்கி, பூ வாங்கி, வைத்துக்கொண்டு, நடந்து வந்து ஏறிக்கொண்டாள். பாலிசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பூந்தமல்லி மார்க்கெட்டில் ஒரு வாழைத்தார் வண்டி என் பின்கதவில் நன்றாகவே மோதியது. வசுந்தரா மேடமே "தாராளமா கிளெய்ம் பண்ணலாம் சார்" என்றார். "மேடம், என் வாயால அதைக் கேக்கவே மாட்டேன்" என்றேன். ரிப்பேருக்கு ஆகும் செலவில் கால்வாசிகூட அந்தப் போனஸில் மிச்சமாகாது என்று ரோஸ்லின் கணக்குப் போட்டுக் காட்டினாள். எனக்கு அது கணக்கு விஷயமாகவே படவில்லை. ஒடுங்கிய கதவோடு போய் என் முதல் நோ கிளெய்ம் போனஸை வாங்கி வந்தேன். விற்கும்வரை அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சாகவிடவில்லை. இரண்டாவது தோசை கேட்காமல் எழுந்துபோனவனைத் தேடி ஒரு முறுகல் தோசை வரும். கேட்டால், "நோ கிளெய்ம் போனஸ்" என்பாள் ரோஸ்லின். எஸ்டேட் பக்கத்தில் இன்னும் பலர் அதற்கு 'தேவராஜ் போனஸ்' என்றுதான் பெயர் சொல்கிறார்கள். கொரட்டூரில் ஓர் இளம் ஏஜென்ட் என்னிடமே "தேவராஜ் போனஸ் போட்டுத் தரேன் சார்" என்றான். அது ஏதோ அரசாங்கத் திட்டம் என்று நினைத்திருக்கிறான்.

என் மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார், "நாங்க எதுவும் கேக்கலைங்க, பொண்ணு மட்டும் போதும்" என்றார்கள். ரோஸ்லின் சட்டென்று, "கேக்காதவங்களுக்குத்தான் எங்க வீட்ல போனஸ்" என்றாள். எங்கள் பக்கம் ஹாலே அதிர்ந்தது. அவர்கள் பக்கம் திருதிருவென்று விழித்தார்கள். ஆகவே முழுக் கதையையும் அங்கேயே சொல்லவேண்டியதாயிற்று. எருமையைக்கூட விடவில்லை. (கஜேந்திரன் வந்திருந்தார். அவரே எழுந்து எருமையாக நடித்துக் காட்டினார்.)

கதை முடிந்ததும் மாப்பிள்ளை கேட்டார்.

"எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தீங்க, சரி மாமா. அன்னிக்கு உங்களுக்குத்தான் ஒண்ணுமே கிடைக்கலையே?"

நான் வழக்கம் போல ஒரு நீளமான பதிலுக்குத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் முன்வரிசையில் பேத்தியை மடியில் வைத்திருந்த முனுசாமி முந்திக்கொண்டார்.

"அவரு இன்னி வரிக்கும் எங்க யாராண்டயும் ஒண்ணும் கேட்டதில்ல தம்பி" என்றார். "அது பாட்டுக்கு சேந்துகினே கீது."